கமலா வீட்டுக்குத் தலைக்கு அறுபது வெள்ளி

மலாக்காவுக்குப் போய் வந்தவர்கள் முதலில் டச்சுக்காரர்கள் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததாகச் சொல்வார்கள். நான் முதலில் பார்த்தது தலையணை. ஊர் எல்லையிலேயே எங்கள் வேனை ஓரங்கட்டி, ரப்பர்ப் பாலில் செய்த தலையணையும் மெத்தையும் விற்கும் ஒரு கடைக்குள் பன்னிரண்டு பேரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பூட்டவில்லை. ஏசி வெளியே போய்விடும் என்று சாத்தினார்களாம்.

உள்ளே இருந்த விற்பனைப் பெண் நல்ல தமிழில் பேசினாள். யாருக்கெல்லாம் கழுத்து வலி என்று கேட்டாள். ஐம்பதைத் தாண்டிய கூட்டத்திடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்? எல்லாரும் கையைத் தூக்கினோம். ஆளுக்கொரு மெத்தையில் படுக்கச் சொன்னாள். திருச்சி உறையூரில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர் கையில் சத்து டானிக்கையும் சேர்த்துக் கொடுத்தனுப்பத் தெரிந்தவன். அதனால் அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் படுத்திருந்தேன்.

என்னோடு வந்திருந்த என் அக்கா மட்டும் படுக்கவில்லை. மெத்தை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "இங்கேருந்து பெம்பான் எம்புட்டு தூரம்மா?" என்று கேட்டாள்.

"பெம்பானா? கிட்டத்தான் ஆன்ட்டி, காடியில போனா கொஞ்ச நேரம்தான். நீங்க இத அமுக்கிப் பாருங்க, எப்படி எழும்புது பாருங்க."

காடி என்றால் அங்கே கார். பெம்பான் என்ற ஊர் இல்லாவிட்டால் நாங்கள் இந்தச் சுற்றுலாவில் சேர்ந்தே இருக்க மாட்டோம். அக்காவின் நாத்தனார் கமலா அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனவள். தோட்டத்தில் புருஷனோடு குடியிருந்து, பிறகு பெம்பானில் தாமான் வீடு ஒன்றுக்கு வந்துவிட்டாள். தாமான் என்றால் நம்மூர் ஹவுசிங் போர்டு காலனி போல. அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இறந்தபோது கமலா போனில் கதறினாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள், இதோ கிளம்பிவிட்டேன் என்றாள். அத்தானின் ஊரான லால்குடியில் பங்காளிகள் கூடிப் பேசி, இனி வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். டிக்கெட்டோடு விமான நிலையத்தில் நின்றவள் செய்தி கேட்டு அப்படியே வீடு திரும்பினாள். அன்றிலிருந்து அக்காவின் போனை எடுப்பதில்லை. யாருடைய போனாக இருந்தாலும் இந்திய நம்பர் என்றாலே எடுப்பதில்லை.

"நேர்ல போயி நிக்கிறேன். கதவச் சாத்துனா சாத்தட்டும். சாத்துற மூஞ்சியாவது பாத்துட்டு வர்றேன்," என்றாள் அக்கா. திருச்சியில் ஏஜெண்ட், "மலாக்காவுல அரை நாள் ஃப்ரீ சார், எங்க வேணாலும் போயிக்கலாம்," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அந்த அரை நாளுக்காகத்தான் மற்ற எல்லா நாட்களையும் சேர்த்து வாங்கினோம்.

அரை நாள் என்பது கரையக்கூடிய பொருள் என்று மலாக்காவில்தான் தெரிந்துகொண்டேன். தலையணைக் கடையில் கொஞ்சம் கரைந்தது. சாக்லேட் கடையில் இன்னும் கொஞ்சம். ஹோட்டலில் அறை வாடகை கட்டியாகிவிட்டது, ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி வரி உண்டு, அது கட்டவில்லை என்று கவுண்டரில் நிறுத்தினார்கள். சாயங்காலம் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தோம். பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் ஜோடித்த மூன்று சக்கர வண்டிகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நின்றன. எங்கள் கட்டணத்தில் வண்டி சவாரி உண்டு. பாட்டுக்குத் தனியாம். பாட்டு வேண்டாம் என்றேன். வண்டிக்காரர் மலாயில் ஏதோ சொன்னார். எங்கள் கைடு குணா மொழிபெயர்த்தான்: "பாட்டு இல்லாம போனா அவருக்கு வெக்கமா இருக்குமாம் அண்ணே."

குணா மலாக்காக்காரன். நாற்பது வயதிருக்கும். எல்லாரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவான், அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் அடிக்கடி ஒரு 'லா' சேர்ப்பான். காலையில், "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று அவன் கேட்கும்போது சொந்தத் தம்பி கேட்பதுபோல இருக்கும். அப்படிக் கேட்டவன் அடுத்த கடை வாசலில் வேனை நிறுத்தினால் எப்படி இறங்காமல் இருப்பது? அக்கா மூன்று முறை இறங்கி, மூன்று முறையும் ஒன்றும் வாங்காமல் ஏறினாள். மூன்றாவது முறை அவன் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் மதியம் கோலா சுங்கை பாருவில் கடலோரமாகச் சாப்பாடு. மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்தன, காற்று நன்றாக இருந்தது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வேர்க்கடலையும் ஆளுக்கொரு ஈரத் துடைப்பானும் வந்தன. ஆஹா, என்ன உபசாரம் என்று எல்லாரும் கடலையை உரித்தோம். பில்லில் கடலை இருந்தது. துடைப்பானும் இருந்தது. மீனுக்கு எடை போட்டு ஒரு விலை, அதைச் சுட்டதற்கு இன்னொரு விலை. எங்கள் குழுவில் கோதண்டம் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் உண்டு. அவர் கொதித்துவிட்டார்.

"ஏன்யா, சுடாம எப்படிய்யா திங்கிறது? எங்க ஊர்ல சாம்பார் எத்தன வாட்டி கேட்டாலும் ஊத்துறான். நீங்க கை தொடைக்கக் காசா?"

கடைக்காரச் சீனர் சிரித்தபடி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். "அடுத்த வாட்டி துடைக்காதீங்கன்னு சொல்றாரு சார்," என்றான் குணா. மீன் மட்டும் பிரமாதம். புளியும் மிளகாயும் அரைத்த சாந்து உள்ளே வரை இறங்கியிருந்தது. கோதண்டம் சாரே முள்ளை உறிஞ்சிக்கொண்டுதான் திட்டினார்.

திரும்பும் வழியில் அலோர் காஜாவில் வேன் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது, பொருள் வாங்கி மாட்ட வேண்டும் என்று டிரைவர் போய்விட்டார். சாலையோரத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடை. அங்கே போய் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், ஆற்றிய பால் டீயான தே தாரேயும் சாப்பிட்டோம். எங்கள் அட்டவணையில் இல்லாத ஒரே சாப்பாடு. சொன்ன விலைதான் பில்லிலும் இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரர் கடைக்காரம்மாவிடம் ஏதோ கேட்க, அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "இவ்ளோ தூரம் வந்து ஏன் இங்க வந்து உக்காந்திருக்காங்கன்னு கேக்குறாரு," என்றார்.

குணா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அக்காவும் இருந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நம்ம குரூப்பு ஒண்ணுமே வாங்க மாட்டேங்குது லா. ஏஜெண்ட் எனக்குச் சம்பளம் தர்றதில்ல. தலைக்கு இவ்ளோன்னு நான்தான் அவனுக்குக் கட்டி உங்கள எடுத்திருக்கேன். கட கடயா ஏறி எறங்கினாத்தான் அது திரும்ப வரும். இல்லன்னா என் கைக்காசு போச்சு."

எங்களை விலைக்கு வாங்கியிருக்கிறான்! திருச்சியில் நாங்கள் கட்டிய பணத்தில் இவனுக்கு ஒரு காசு வரவில்லை. அதற்கு மேல் இவன்தான் ஏஜெண்டுக்குக் கட்டியிருக்கிறான். மருந்துக்கடையில் நான் பார்க்காத வியாபாரம் இது.

"தம்பி, எனக்கு அந்த அரை நாள் வேணும். பெம்பான்ல என் நாத்தனார் வீடு," என்றாள் அக்கா.

"நாளைக்கு நாம ஜொகூர் பக்கம் போறோம் அக்கா. குரூப்ப விட்டுத் தனியாப் போனா முந்நூறு வெள்ளி கட்டணும். அது ரூல்."

அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏஜெண்ட் அரை நாள் ஃப்ரீ என்றாரே என்று நான் குரலை உயர்த்தினேன். குணா தன் தே தாரேயைத் தள்ளி வைத்தான்.

"விடுங்க. அழாதீங்க அக்கா. பெம்பான் போற வழிதான். நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

அக்கா நம்பரைச் சொன்னாள். அவன் போனை எடுத்துக்கொண்டு சாலையோரமாகப் போனான். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்பது அவன் கையை ஆட்டிப் பேசியதிலேயே தெரிந்தது. உள்ளூர் நம்பர் என்றால் கமலா எடுக்கிறாள்! அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசியாச்சு. நாளைக்குப் போறோம்," என்றான் குணா. அக்கா அவனுக்கு இன்னொரு ரொட்டி சொன்னாள். அவன் வேண்டாம் என்றதையும் கேட்காமல் சொன்னாள். என் அக்கா ஒருவருக்கு வற்புறுத்திச் சாப்பாடு போட்டாள் என்றால் அவரை நம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் காலை பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் வரத் தொடங்கியபோது குணா மைக்கை எடுத்தான்.

"அண்ணன்மாரே, அக்காமாரே! இன்னிக்கு ஸ்பெஷல். பெம்பான்ல ஒரு ஒரிஜினல் தமிழ்க் குடும்பம். தோட்டத்துல வேலை செஞ்ச குடும்பம். வரவேற்பு, வடை, தண்ணி, எல்லாம் உண்டு. ஆப்ஷனல்தான், தலைக்கு அறுபது வெள்ளி."

தண்ணி என்றால் அங்கே தேநீர், காப்பி எல்லாம்தான். எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அக்கா துக்கம் கேட்கப் போகிற வீட்டை இவன் பட்டியலில் சேர்த்து விற்றுக்கொண்டிருந்தான்.

"வரலன்னா?" என்று பின்னாலிருந்து கேட்டார் கோதண்டம் சார்.

"வேன்லயே உக்காரலாம் சார். ஆனா இஞ்சின் ஆஃப் பண்ணிடணும். ஏசி ஓடாது."

எல்லாரும் வெளியே பார்த்தார்கள். அந்த வெயிலில் அதுவே சம்மதம். நான் எழுந்து முன்னால் போனேன். நியாயமா இது என்று கேட்டேன்.

"வேன் சும்மா வளைஞ்சு போனா டீசல் யாரு கட்டுறது அண்ணே? உங்க அக்காவுக்குக் காசு வேணாம். மத்தவங்க குடுக்குறதுல சரியாப் போயிரும்."

"நாங்க யாருன்னு கமலாகிட்ட சொன்னியா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "டூர் குரூப்புன்னு சொன்னேன். அவங்க வடை சுட்டு விக்கிறவங்களாம். பன்னெண்டு பேருக்கு நூறு வெள்ளின்னதும் சரின்னாங்க. டிரைவர்கிட்ட நேத்தே காசக் குடுத்தனுப்பிட்டேன். உங்க பேரச் சொன்னா வேணாம்னுட்டா என்னா பண்றது? அக்கா அழுவாங்களேன்னுதான்."

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். வேனைத் திருப்பச் சொல்லவா என்றும் கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போயிச் சேர்ந்தா போதும்டா சேகர். மத்தத விடு."

அதன்பிறகு அவள் செய்த காரியங்கள் ஒரு சுற்றுலாப் பயணி செய்கிற காரியங்கள் இல்லை. கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். கமலா வீட்டுக்கென்று திருச்சியிலிருந்து கொண்டுவந்த இனிப்பு டப்பாவைக் கோதண்டம் சாரின் மனைவி லலிதாவிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று அந்த அம்மா கேட்க, அக்கா மெதுவாகச் சொன்னாள். சாவுக்குப் பிறகு செத்தவரின் தங்கையை முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள். வெறுங்கையோடுதான் போக வேண்டும். இத்தனை நாள் கழித்தும் அந்த முறை மாறாது.

"அட கடவுளே! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் லலிதாம்மா. தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். பின்வரிசைகளில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அங்கே தஞ்சாவூர் ஜவுளிக்கடைக்காரர் வீடியோ எடுக்கும் குச்சியை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பெம்பான் சின்ன ஊர். கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு வீட்டின் இரும்புக் கதவு திறந்திருந்தது. போர்ட்டிக்கோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைமேல் வலைமூடி போட்ட வடைக் குவியல், பெரிய கெட்டிலில் தேநீர். குணா முதலில் இறங்கி, "கமலாக்கா, வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தான்.

நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, கையில் தட்டோடு வந்தாள் கமலா. சந்தனம், குங்குமம், கல்கண்டு. வரவேற்பு இருக்க வேண்டும் என்று குணா சொல்லியிருப்பான். கோதண்டம் சார் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். அடுத்து நின்ற லலிதாம்மா தட்டைத் தொடவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு விலகி நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா.

குங்குமத் தட்டோடு கமலா. நெற்றியில் ஒன்றும் இல்லாத அக்கா. ஜவுளிக்கடைக்காரரின் குச்சி இரண்டு பேருக்கும் நடுவில் நீண்டிருந்தது.

கமலா தட்டைக் குணாவிடம் நீட்டினாள். "இதப் புடிங்க," என்றாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"யாரக் கேட்டு வந்தீங்க?"

"ஒன்னக் கேட்டா நீ விடுவியா?" என்றாள் அக்கா.

"ஐஸ் பொட்டி இல்லாத ஊரா அண்ணி அது? ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி வெச்சிருந்தா நான் வந்திருப்பேனே!"

"வெச்சிருக்கலாம் கமலா. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெச்சிருப்பாங்க. எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு வாயே வரல."

யார் முதலில் நகர்ந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கமலா தலைப்பூவைப் பிய்த்துப் போட்டாள். அண்ணா என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். லலிதாம்மா யாரும் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் தோளில் கை வைத்தார். வேனிலிருந்து இறங்கிய மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தெருவோரமாக ஒதுங்கினோம். நம்மூர்ச் சாவு வீடுகளில் எப்படி நிற்போமோ அப்படியே, கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல். ஜவுளிக்கடைக்காரர் குச்சியை மடக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அத்தானை அவர்கள் யாருக்கும் தெரியாது.

அழுகை அடங்கியபோது கமலா கேட்டாள்: "மொகம் எப்படி இருந்துச்சு அண்ணி?"

"தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில கெடந்ததுல தாடி வளந்துபோச்சு. சேகர்தான் செரச்சுவிட்டான். அப்புறம் நல்லா இருந்தாரு."

கமலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் வந்திருப்பதைக் கவனித்தாள் போலிருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

யாரும் வடையைத் தொடவில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் கை நனைப்பதில்லை. தேநீர் ஆறிப்போனது. குணா தட்டை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் மெல்ல என்னிடம் வந்து, போகிற வழியில் ஒரு காப்பித்தூள் கடைக்காரர் காத்திருக்கிறார், நேரமாகிறது என்றான். அது கமலாவின் காதில் விழுந்தது.

"நீங்க போங்க. அண்ணி இங்கதான் இருப்பாங்க. ஃப்ளைட்டுக்கு நாங்க கொண்டுவந்து விடுறோம்."

"அப்படி முடியாது லா அக்கா. குரூப்ப விட்டுப் போனா காசு கட்டணும்."

"எவ்ளோ?"

"முந்நூறு."

நான் பர்ஸை எடுத்தேன். கமலா கையால் தடுத்துவிட்டு உள்ளே போனாள். நூறு வெள்ளி நோட்டோடு வந்து குணாவிடம் நீட்டினாள்.

"இவ்ளோதான் இருக்கு. நேத்து நீங்க குடுத்தனுப்பிச்ச வடைக் காசுதான். எங்க அண்ணிய விட்டுட்டுப் போங்க."

வாங்க மாட்டான் என்று நினைத்தேன். நோட்டைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இருந்த தன் தோள்பையைத் திறந்து அக்காவின் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பாக்கி இருநூறைக் கேட்கவில்லை.

எல்லாரும் எழுந்து வேனைப் பார்த்து நடந்தார்கள். வேறு எந்த இடமாக இருந்தாலும் குணா எல்லாரையும் கைதட்டி நன்றி சொல்ல வைப்பான். இங்கே யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மறுபடியும் அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரியத்துக்காக வர நேரக் கூடாது என்பதற்காக. தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும். கணக்கு வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர் எல்லாரும் அப்படியே போனார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேனிலிருந்து அவள் பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவளிடமும் ஒன்றும் சொல்லாமல் நான் கடைசி ஆளாகச் செருப்பை மாட்டினேன்.

இரும்புக் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து கமலாவின் குரல் கேட்டது. திரும்பினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, நிறைய வடை.

"வேன்ல எல்லாருக்கும் குடுங்க."

"கமலா, இன்னிக்கு வந்தது..."

"தெரியும். அழுதாச்சு. முடிஞ்சுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டுப் போங்க."

அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"போயிட்டு வர்றேன் கமலா," என்றேன்.

"வாங்க," என்றாள்.